ஒரே ஆள் ஓட்டுப்போட்ட தொகுதி

தேர்தல் வந்தாலே எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்துவிடும். யாருக்கு ஓட்டுப்போடுவது என்ற சண்டை இல்லை. அந்தச் சண்டை போடவும் ஒரு கொடுப்பினை வேண்டும். தபாலில் வரும் வாக்காளர் அட்டையை அவர் கடவுச்சீட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார். உறையைச் சட்டைப்பைக்குள் வைத்து, சட்டைக்கு மேல் ஸ்வெட்டரையும் போட்டுக்கொள்வார். ஓட்டுப்போட வாருங்கள் என்றால் முழங்கால் வலிக்கும். எங்கள் பக்கத்துக் கடைத்தொகுதியான பக்குரங்கா பிளாசாவுக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்த வருஷமும் வலித்தது. அதே பிளாசாவுக்கு மீன் வாங்கப் போகும்போது மட்டும் அந்த முழங்கால் என்னை முந்திக்கொண்டு நடக்கும்.

"அட்டையக் குடுத்தா திருப்பித் தருவாங்களா?" என்று கேட்பார்.

"தெரியாது. தந்தா என்ன, தராட்டி என்ன? ஓட்டுப்போட்ட பிறகு அது வெறும் காகிதம்ப்பா."

"அப்ப வேணாம்."

அவருக்கு அது வெறும் காகிதமில்லை. இந்த நியூசிலாந்து அரசாங்கம் தன் பெயரை அச்சடித்து, வீடு தேடி அனுப்பிய காகிதம். நாளைக்கு யாராவது கதவைத் தட்டி நீ யார், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டால் எடுத்து நீட்டுவதற்கு வைத்திருக்கிறார். அதனால், ஓட்டுப்போடச் சொல்லி வந்த அட்டையைப் பத்திரப்படுத்துவதற்காக ஓட்டே போடாமல் இருந்தார். இப்படியொரு கூத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் வீட்டில் காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, தகரப்பெட்டியில் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். சண்டைக்காலத்தில் வீடு போனது, பெட்டி தப்பியது. "மாமா செய்யிறதில பிழை ஒண்டும் இல்லை" என்பார் என்னிடம். "பேப்பர் இல்லாட்டி மனுசன் இல்லை எண்டு எங்களுக்கும் தெரியும்." அப்பாவின் பக்கம் ஆள் சேர்ந்ததில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் இரண்டு பெயர்கள். ஒன்று வெள்ளைக்காரத் துரை தன் ஊர் ஞாபகத்தில் வைத்தது. அது தேயிலைப் பெட்டியிலும் தபால் முகவரியிலும் இருக்கும். மற்றது நாங்கள் கூப்பிடுவதற்கு வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர். எங்கள் தோட்டத்துக்கு வைத்த இங்கிலீஷ் பெயர் ஸ்கொட்லாந்தில் ஒரு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைத் தப்பில்லாமல் எழுதப் பழகியதோடு சரி.

வெள்ளைக்காரன் கிளம்பிய கையோடு அங்கே வந்த அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுத் தோட்டத்து ஜனங்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்து வந்த சட்டத்தில் ஓட்டும் போனது. அப்பா அப்போது சின்னப் பையன். வளர்ந்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, என்னைப் பெற்ற பிறகும் அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று எங்கள் ஜனங்களைப் பங்கு பிரித்தார்கள். பெரியப்பா குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. அவர்கள் போன ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ரயிலுக்குள் இருந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் சேர்ந்து அழுதால் வேறென்ன பெயர் வைப்பது? அப்பா மேடையில் நின்றவர். அதற்குப் பிறகு அவர் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பில் இருந்தேன். அதன் பிறகு வந்த தேர்தல்களில் எல்லோரையும்போல அவரும் தொழிற்சங்கத் தலைவர் சொன்ன சின்னத்துக்குப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா இறந்ததும் அவரை இங்கே கூட்டிவந்தோம். இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் இருந்தாலே ஓட்டு உண்டு, குடியுரிமை வேண்டாம். இதை முதல்முறை சொன்னபோது அப்பா நம்பவில்லை. "சும்மாவா குடுக்குறாங்க?" என்றார்.

போன வருஷம் ஒருநாள் இதே அட்டைச் சண்டை. எனக்கு வேலை நகர மையத்தில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில். பன்மியூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். கோபம் தணியாமல் ரயிலில் உட்கார்ந்திருந்தவள், போனை எடுத்து எங்கள் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரைத் தட்டிப் பார்த்தேன். யாரைத் திட்டுவதற்காக என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. தோட்டம் வரவில்லை. ஸ்கொட்லாந்தின் அந்தக் கவுண்டி வந்தது. அதிலும் முதலில் என் கண்ணில் பட்டது, அந்தப் பெயரில் ஒரு காலத்தில் இருந்து பிறகு ஒழிக்கப்பட்ட நாடாளுமன்றத் தொகுதி. யார் யார் வென்றார்கள், எந்தக் கட்சி, எதிர்த்து நின்றது யார் என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. தேடித் தேடி மேலும் படித்தேன். நம்மை எந்த நாடும் வேண்டாமென்றபோது நம் தலையில் இருந்த பெயர், தன் சொந்த ஊரில் எத்தனை நூறு வருஷம் ஆள் அனுப்பி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது பார் என்று தோன்றியது. ஆனால் பழைய பக்கங்களுக்குப் போனால் அந்தப் பெருமையும் சாயம் வெளுத்துவிட்டது. தீவுகளால் ஆன சின்னக் கவுண்டி. நிலம் உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு, அதாவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. அதுவும் ஒரு நாடாளுமன்றத்துக்கு இவர்கள் ஆள், அடுத்ததற்கு வடக்குக் கோடியில் இருக்கும் இன்னொரு கவுண்டியின் ஆள் என்று முறைவைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் இதை அப்பாவிடம் சொன்னேன்.

"மொற வச்சாவது குடுத்தாங்களே," என்றார்.

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டும் அவர் எழுந்து போகாதது அன்றைக்குத்தான். எனக்குப் புத்தி வேலை செய்தது. முன்வாசல் வழியாக முடியாததைப் பின்வாசல் வழியாகச் செய்வோம் என்று, தினமும் கொஞ்சம் படித்துக்கொண்டு வந்து கதை சொல்ல ஆரம்பித்தேன். "பள்ளிக்கூடம் திறந்திட்டீரோ?" என்று கணவர் கேலி செய்தார். கேலி செய்துகொண்டே அவரும் கேட்பார்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது ஒரே ஆள் ஓட்டுப்போட்ட கதை. ஒரு தடவை அங்கே தேர்தல் கூட்டத்துக்கு அதிகாரிகளைத் தவிர ஒரே ஒரு வாக்காளர்தான் வந்திருக்கிறார். அவர் தானே தலைமை தாங்கினார். பட்டியலை வாசித்தார், தன் பெயர் வந்ததும் வந்திருக்கிறேன் என்று பதில் சொன்னார். தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஓட்டுக்கு விட்டு, ஏகமனதாகத் தெரிவானார்.

"அவரு பேர அவரே கூப்புட்டாரா?"

"ஆமா."

"அவரே வந்திருக்கேன்னாரா?"

"ஆமாப்பா."

அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கங்காணி மட்டும் தனியா வந்து பெரட்டு எடுத்த மாதிரில்ல இருக்கு." காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் அவரே கேட்டார், "இன்னைக்கு அந்த ஊருல என்னா?"

சொன்னேன். பெரிய சீர்திருத்தம் வந்து இன்னும் கொஞ்சம் பேருக்கு ஓட்டுக் கிடைத்தது. ஆனால் வாயால் பெயரைச் சொல்லித்தான் போடவேண்டும், நிலத்துக்குச் சொந்தக்காரனின் ஆள் பக்கத்தில் நிற்பான். "தொரைக்கு முன்னால நின்னுக்கிட்டு வேற பேரச் சொல்ல முடியுமா?" என்றார் அப்பா. பிறகு மறைவாகப் போடும் ஓட்டு வந்தது என்றேன். பிறகு பண்ணையில் வேலை செய்கிற ஆட்களுக்கும் கொடுத்தார்கள் என்றேன். அப்பா முகத்தில் ஒரு தெளிச்சி தெரிந்தது. நல்லபடியாக முடியப்போகும் கதையைக் கேட்பவர்போல மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன்.

அந்த வாரம்தான் தேர்தல் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. தொகுதி எல்லைகளை மறுபடி வரைந்திருக்கிறார்கள், எங்கள் தெரு இனிப் பக்கத்துத் தொகுதியில் சேரும், அவ்வளவுதான் செய்தி. இங்கே குடிசனக் கணக்கெடுப்புக்குப் பிறகு இப்படி மாற்றுவது வழக்கம். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்பா கண்டுகொண்டார்.

"நம்ம பேரு எங்க போவுது?"

"எங்கயும் போகலப்பா. தொகுதி பேரு மட்டும் மாறுது." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "இது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். நம்ம கவுண்டியக்கூட கடைசியில எடுத்துட்டாங்க. ஒரு பெரிய யுத்தம் முடியிற சமயத்துல சட்டம் போட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் கரையில இருந்த தொகுதியோட சேத்துட்டாங்க. பொம்பளைங்களுக்கு முதல்முதலா ஓட்டுக் குடுத்ததும் அதே சட்டந்தான். அந்தத் தீவுப் பொம்பளைங்க அந்தப் பழைய பேர்ல ஒரு தடவகூட ஓட்டுப்போடல, பாருங்களேன்."

எனக்கு அது சுவாரசியமான விஷயம். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அங்க இருந்த ஜனங்கள எங்க அனுப்புனாங்க?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். கணவர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"யாரையும் எங்கயும் அனுப்பல. அவங்க வீட்டுல அவங்க இருந்தாங்க. வரைபடத்துல கோடுதான் மாறுச்சு."

"நமக்கும் ஆரம்பத்துல கோடுதான போட்டாங்க."

"அப்பா, இது நியூசிலாந்து."

"எல்லா ஊருக்கும் ஒரு பேரு இருக்கத்தான் செய்யும், இலங்கைக்கும் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் கதை கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிளாசாவுக்குப் போவதை நிறுத்தினார். வாசலில் கூரியர்க்காரன் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு கைப்பை வந்திருந்தது. திறந்து பார்த்தால் இரண்டு சட்டை, மருந்து, அம்மாவின் படம். எண்பது தாண்டிய மனுஷன், சொந்த மகள் வீட்டில், வெளியேற்றினால் போகத் தயாராகப் பை கட்டி வைத்திருக்கிறார். கதை சொல்லிச் சொல்லி அவரை அங்கே கொண்டுபோய் விட்டவள் நான்.

"டொக்டரோட கதைப்பமா?" என்று கணவர் கேட்டார்.

"டாக்டர் என்ன செய்வாரு? ஒரே ஒரு தடவ ஓட்டுப்போட்டுட்டு, மறுநாள் இதே வீட்ல எந்திரிச்சு டீ குடிச்சார்னா அவருக்கே தெரிஞ்சிடும்."

"அந்தாள விட்டிடுமன். பயந்து போய்க் கிடக்குது."

விடவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரு மருந்துதான். ஓட்டுப்போடுவதால் ஒன்றும் ஆகாது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பயம் தீரும், மிச்சமிருக்கும் காலத்தை நிம்மதியாகக் கழிப்பார் என்று உறுதியாக நம்பினேன்.

தேர்தல் நெருங்கியதும் புதுத் தொகுதியின் பெயரோடு புது அட்டை வந்தது. அதையும் உறைக்குள் வைத்தார். நான் விசாரித்து வைத்திருந்தேன். "அட்டையக் குடுக்கவே வேணாம்ப்பா. பேரச் சொன்னாப் போதும், பட்டியல்ல பாத்துட்டுச் சீட்டுக் குடுத்துடுவாங்க. அட்டை உங்க பையிலயே இருக்கட்டும்."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ பக்கத்துல நிப்பியா?"

"நிக்கிறேன்."

"சரி, போவோம்," என்றார். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தேர்தல் நாளுக்கு முன்னாலேயே இங்கே சாவடிகளைத் திறந்துவிடுவார்கள். ஒரு பகல் நேரத்தில் போனோம். வெள்ளைச் சட்டை, நல்ல கால்சட்டை, கல்யாண வீடுகளுக்குப் போடும் சப்பாத்து எல்லாம் போட்டிருந்தார். மேசையில் இருந்தவள் சமோவாத் தீவிலிருந்து வந்த ஒரு பெண், கலகலப்பானவள். அப்பாவின் நீளப் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டச் சொன்னாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அச்சடித்த தடித்த பட்டியலில் பக்கம் புரட்டி, விரலை ஓட்டி, கண்டுபிடித்தாள். "இருக்கிறீர்கள்!" என்று சிரித்தாள். அப்பாவும் எட்டிப் பார்த்துத் தன் பெயரை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகம் மலர்ந்தது.

அவள் ஒரு அடிமட்டத்தை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள். பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்து வெட்டினாள்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஓட்டுச்சீட்டு வாங்கியவர் பெயரை இப்படித்தான் வெட்டுவார்கள், என் பெயரையும் ஒவ்வொரு தடவையும் வெட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பார்த்ததாகவே ஞாபகமில்லை. அப்பாவின் கை மேசையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே சீட்டை வாங்கிக்கொண்டார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் நின்றார். கட்சிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று இரண்டு சரி அடையாளம் போடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். மடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டார். சமோவப் பெண் நன்றி சொன்னாள். அப்பா அவளைக் கும்பிட்டார்.

காரில் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சப்பாத்தக் கழட்டுங்கப்பா, சாப்பிடலாம்."

"எப்ப போவணும்?" என்றார்.

"எங்க?"

"பேர வெட்டிட்டாங்கல்ல. நானும் பாத்தேன், நீயும் பாத்த."

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். நீங்கள் போட்டாயிற்று என்று அடையாளம் வைக்கிறார்கள், உங்கள் பெயரில் இன்னொருவன் வந்து போடக்கூடாது அல்லவா, எல்லோர் பெயரையும் அப்படித்தான் வெட்டுகிறார்கள் என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதிகாரிகள் பேசும்போது தலையாட்டுவதுபோல என்னிடமும் தலையாட்டினார்.

பிறகு சொன்னார்: "எங்க அப்பாரு ஒரே ஒரு தடவதான் போட்டாரு. எங்க லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் போட்டாங்க. நம்ம ஆளு ஜெயிச்சாரு. என்னையத் தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு தொரை பங்களா வரைக்கும் ஊர்வலம் போனாங்க. அதுக்கப்பறந்தான் சட்டம் வந்துச்சு. ஓட்டுப்போட்டதுக்குத்தான் நம்ம பேர வெட்டுனாங்க. எங்க அப்பாரு சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாரு, நம்ம போடாம இருந்திருந்தா நம்மள கவனிச்சிருக்கவே மாட்டாங்கன்னு."

"அப்ப நீங்க ஊர்லயும்..."

"எங்கயும் போட்டதில்ல. தேர்தலன்னைக்கு வெறகு எடுக்கக் காட்டுக்குப் போயிருவேன். இன்னைக்குத்தான் போட்டேன்."

"இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு ஏம்ப்பா போட்டீங்க? வெட்டுனதப் பாத்ததும் எந்திரிச்சு வந்திருக்கலாமே."

"நீ ஆசப்பட்ட," என்றார்.

கீழே உட்கார்ந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் பாப்பா," என்றார். "கூப்புட்டா ஒடனே போவணும்ல."